தூளி ஆடும் வீட்டில் விளம்பரத்துக்கு என்ன வேலை?



போன இதழில் வடகம் போட்ட கதையை எழுதியிருந்தேன். பலர் எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். இந்தத் தடவை அடுக்களையை விட்டுக் கொஞ்சம் வெளியே வருகிறேன். விஷயம் என்னவோ நம் வீட்டுக்குள்ளே நடப்பதுதான்.

விளம்பரம் என்பது நமக்குப் புதிது ஒன்றும் அல்ல. அம்பத்தூர் எஸ்டேட் காம்பவுண்டுச் சுவர்கள், மின்சார ரயில் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் வைத்தியர் நோட்டீசு, ஆடி மாதம் பிறந்தால் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வரும் துணிக்கடைக்காரர்கள், சினிமாக் கொட்டகை இடைவேளையில் ஸ்லைடு... இதையெல்லாம் பார்த்துத்தான் நாம் வளர்ந்தோம். பிடித்தால் படிப்போம், பிடிக்காவிட்டால் நம் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்போம். அந்தச் சுவருக்கு நாம் யார், எந்தத் தெரு, கல்யாணமானவளா, முழுகாமல் இருக்கிறோமா என்பதெல்லாம் தெரியாது.

இப்போது கையில் இருக்கும் ஃபோனுக்கு இத்தனையும் தெரிகிறது! அதுதான் என் கவலை.

பச்சை உடம்புக்காரியின் ராத்திரி

எங்கள் எதிர் வீட்டில் மருமகளுக்குப் பிரசவமாகி இருபத்து நாலு நாள். தலைப்பிரசவம். நல்ல பெண். பி.காம். படித்தவள். கஞ்சி வைத்த பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், வாசலிலேயே நின்று கண் கலங்கினாள்.

"அக்கா, எனக்குப் பால் பத்தலைன்னு நினைக்கிறேன். புள்ள ராத்திரி பூரா சிணுங்குது. டப்பா பால் வாங்கிட்டு வரச் சொல்லி இவர்கிட்ட சொல்லியிருக்கேன்."

"பத்தலைன்னு யாரும்மா சொன்னாங்க? டாக்டரம்மா சொன்னாங்களா?"

"இல்லக்கா. ஃபோன்ல அதான் திரும்பத் திரும்ப வருது."

ஃபோனை வாங்கிப் பார்த்தேன். 'உங்கள் குழந்தை இரவில் அழுகிறதா? வயிறு நிறையவில்லையோ?' என்று ஒரு படம். அதைத் தள்ளினால் ஓர் இளம் தாய் சிரித்தபடி, 'நான் இதற்கு மாறினேன், இப்போது என் குழந்தை நன்றாகத் தூங்குகிறது' என்கிறாள். அதையும் தள்ளினால், 'தாய்ப்பால் போதவில்லை என்பதற்கு 7 அறிகுறிகள்' என்று ஒரு கட்டுரை. படித்துக்கொண்டே போனால் முடிவில் ஒரு டப்பா! ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, தூக்கமில்லாத கண்ணோடு ஒரு பெண் இதையே பத்து நாள் பார்த்தால் மனசு என்ன பாடுபடும்? நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் அவளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். நர்ஸம்மா குழந்தையை எடை போட்டார். பிறந்தபோது 2 கிலோ 800 கிராம். இப்போது 3 கிலோ 200. "ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்குது?" என்று கேட்டார். "எட்டு, ஒம்பது இருக்கும்" என்றார் மாமியார். நர்ஸம்மா சிரித்துவிட்டார். "இதுக்கு மேல என்னம்மா வேணும்? பால் நல்லா இருக்கு. போய் நிம்மதியா குடு" என்றார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இளம் தாய்மார்களுக்காக இதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். பால் போதுகிறதா என்பதற்குக் குழந்தையின் அழுகை அளவுகோல் அல்ல. முதல் வாரத்துக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் மூத்திரம் போகிறதா, பிறந்த எடையை இரண்டு வாரத்துக்குள் மறுபடி எட்டி அப்புறம் ஏறிக்கொண்டே வருகிறதா, இந்த இரண்டையும் பாருங்கள். பிறந்த குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் குடிப்பது சகஜம். சில நாள் சாயங்காலம் விடாமல் மாரிலேயே கிடக்கும். அதுவும் சகஜம்தான். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். நடுவில் புட்டிப்பால் கொடுத்தால் சப்புவது குறையும், பாலும் குறையும். அப்போது 'பத்தலை' என்பது நிஜமாகவே ஆகிவிடும்! விளம்பரக்காரருக்கு வேண்டியதும் அதுதானே?

ஒன்று சொல்ல வேண்டும். தாய்க்கு உடம்பு சரியில்லாமல், குறைமாதத்தில் பிறந்து, அல்லது வேறு காரணத்தால் டாக்டரே பால் பவுடர் எழுதிக் கொடுக்கும் வீடுகள் உண்டு. அந்தத் தாய் வெட்கப்பட ஒன்றுமில்லை. டாக்டர் சொல்லி வாங்குவது வேறு. ஃபோன் பயமுறுத்தி வாங்குவது வேறு.

இதற்குச் சட்டமே இருக்கிறது!

நம்மில் பலருக்குத் தெரியாத சங்கதி இது. குழந்தைப் பால் பவுடருக்கு விளம்பரம் செய்வதே நம் நாட்டில் குற்றம்.

1970களில் ஏழை நாடுகளில் பால் பவுடர்க் கம்பெனிகள் ஆஸ்பத்திரிகளுக்குள்ளேயே புகுந்து இலவச டப்பா கொடுத்தன. தாய்மார்கள் பழகிப்போய், பிறகு விலை கொடுத்து வாங்க முடியாமல் தண்ணீர் கூட்டிக் கலந்தார்கள். சுத்தமில்லாத தண்ணீர் வேறு. வயிற்றுப்போக்கில் பச்சைக் குழந்தைகள் மடிந்தன. உலகம் முழுதும் எதிர்ப்பு கிளம்பி, 1981 மே மாதம் உலக சுகாதாரச் சபை ஒரு விதித் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. ஓட்டெடுப்பில் 118 நாடுகள் ஆதரவு. எதிர்த்தது அமெரிக்கா ஒன்றுதான்.

அதை அனுசரித்து நம் பார்லிமெண்டில் 1992இல் குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள், பாலூட்டும் புட்டிகள் மற்றும் குழந்தை உணவுகள் சட்டம் வந்தது. 2003இல் இன்னும் இறுக்கினார்கள். இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்கான பால் பவுடர், டப்பா உணவு, புட்டி மூன்றுக்கும் விளம்பரம் கூடாது. இலவச சாம்பிள் கூடாது. பரிசுப் பொருள் கூடாது. டாக்டருக்கும் நர்சுக்கும் சலுகை கொடுக்கக் கூடாது. பால் பவுடர் டப்பாவில் தாயின் படமோ குழந்தையின் படமோ போடக் கூடாது. அடுத்த தடவை மருந்துக் கடைக்குப் போகும்போது டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கரடி இருக்கும், பூ இருக்கும். குழந்தை முகம் இருக்காது. தாய்ப்பாலே சிறந்தது என்று அச்சடித்திருக்கும். அதெல்லாம் கம்பெனியின் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். சர்க்கார் போட்ட உத்தரவு!

மின்னணு வழியாக வருவதும் விளம்பரம்தான் என்று 2003 திருத்தத்திலேயே சேர்த்துவிட்டார்கள். ஃபோனில் வருவதும் அதில் அடங்கும்.

பிறகு எப்படி வருகிறது? மூன்று சந்து வழிகள் இருக்கின்றன. ஒன்று, இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கான பால் என்று சொல்லி விளம்பரம் செய்வது. டப்பாவின் நிறமும் பெயரும் ஒன்றாகவே இருக்கும். பார்க்கிறவளுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டாவது, கம்பெனி பேசாமல், லட்சக்கணக்கில் ரசிகர்கள் உள்ள ஓர் 'இன்ஃப்ளூயன்சர்' அம்மாவைப் பேச வைப்பது. மூன்றாவது, தாய்மார் சங்கம், ஆலோசனை ஆப் என்ற பெயரில் நம்மைச் சேர்த்துக்கொண்டு மெல்ல மெல்லச் சொல்வது.

இது நம் ஊர்ச் சமாசாரம் மட்டுமல்ல. உலக சுகாதார நிறுவனம் 2022 ஏப்ரலில் இதைப்பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பால் பவுடர்க் கம்பெனிகளின் 264 சமூக வலைத்தளக் கணக்குகளைக் கவனித்ததில், அவை நாளொன்றுக்கு ஏறக்குறைய 90 தடவை எதையாவது போட்டுக்கொண்டிருந்தன. அவை எட்டியது 22 கோடியே 90 லட்சம் பேரை! நம் நாட்டில் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகள் 100க்கு 64 என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்லுகிறது. தமிழ்நாட்டில் 100க்கு 55தான். ஆஸ்பத்திரிப் பிரசவத்தில் முன்னே நிற்கும் நம் மாநிலம் இதில் பின்னே நிற்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. 2015இல் பஸ் நிலையங்களில் பாலூட்டும் தாய்மாருக்குத் தனி அறை திறந்த மாநிலம் அல்லவா இது!

அவர்களுக்கு எப்படித் தெரிகிறது?

"நான் யார்கிட்டயும் சொல்லலையேக்கா, ஃபோனுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் அந்தப் பெண். ப்ளஸ் டூ வரை படித்த நான், காலேஜில் படிக்கும் என் பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அவள் மூன்றாம் மாதத்தில் ஒரு கர்ப்பகால ஆப் போட்டிருந்தாள். வாராவாரம் குழந்தை எலுமிச்சை அளவா, மாங்காய் அளவா என்று காட்டுமாம். அதற்குக் கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியைக் கொடுத்திருக்கிறாள். தேதி ஒன்று போதும். எந்த வாரம் வாந்தி, எந்த வாரம் வளைகாப்பு, எந்த வாரம் பிரசவம் என்று கணக்குப் போட்டுவிடலாம். ஒவ்வொரு ஃபோனுக்கும் விளம்பரத்துக்கென்று ஓர் அடையாள எண் உண்டு. எங்கே தேடினோம், எதைப் பார்த்து நின்றோம் என்பது அந்த எண்ணோடு சேர்ந்துகொண்டே போகும். நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும் அந்தக் கணத்திலேயே, கோயம்பேட்டில் விடியற்காலை தக்காளிக் கூடை ஏலம் போவதுபோல, 'இந்த எண்ணுக்கு விளம்பரம் காட்ட யார் எவ்வளவு தருகிறீர்கள்?' என்று ஏலம் நடக்கிறது. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அங்கே கூடையில் இருப்பது தக்காளி. இங்கே கூடையில் இருப்பது நாம்!

அமெரிக்காவில் டார்கெட் என்ற பெரிய கடையில், ஏறத்தாழ 25 சாமான்களை வைத்தே ஒரு பெண் கர்ப்பமா, எப்போது பிரசவம் என்று ஊகித்துவிடுவார்கள் என்று 2012இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. வாசனையில்லாத லோஷன், கால்சியம், துத்தநாக மாத்திரை... இவற்றைச் சேர்த்து வாங்கினால் போதுமாம்! பெண்கள் மாதவிலக்குத் தேதி குறித்து வைக்கும் ஃப்ளோ என்ற ஆப், 'உங்கள் ரகசியம் எங்களோடு' என்று சொல்லிவிட்டு, அந்த விவரங்களை ஃபேஸ்புக், கூகுள் முதலிய கம்பெனிகளுக்குப் போக விட்டது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2021இல் நடவடிக்கை எடுத்தது. அதே விவகாரத்தில் 2025 ஆகஸ்டில் கலிபோர்னியா ஜூரி ஒன்று, ஃபேஸ்புக்கின் தாய்க் கம்பெனியான மெட்டாவைப் பொறுப்பாளி என்று தீர்ப்புச் சொன்னது.

இன்னொன்று படித்ததிலிருந்து என் மனசு ஆறவில்லை. வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில் வேலை பார்த்த ஜில்லியன் ப்ராக்கெல் என்ற பெண்மணிக்கு 2018இல் குழந்தை இறந்தே பிறந்தது. வீடு திரும்பிய பிறகும் ஃபோனைத் திறந்தால் குழந்தைச் சாமான் விளம்பரங்கள்! நான் கர்ப்பம் என்று கண்டுபிடித்த உங்களுக்கு, என் குழந்தை போனது மட்டும் தெரியாமல் போயிற்றா என்ற அர்த்தத்தில் அந்தக் கம்பெனிகளுக்குப் பகிரங்கமாக ஒரு கடிதம் எழுதினார். நம் தெருவிலும் அப்படி ஒரு பெண் இருக்கத்தானே செய்வாள்? அண்டை அயல் பார்த்துப் பேசும். விளம்பரத்துக்கு அந்த இங்கிதம் ஏது?

என் வீட்டுச் சங்கதி கொஞ்சம் தமாஷ். அந்தப் பெண்ணுக்காக ஒரே ஒரு தடவை என் ஃபோனில் பச்சை உடம்புக்காரிப் பத்தியம் பற்றித் தேடினேன். அடுத்த பத்து நாளும் டயாபர் விளம்பரம்! என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, ஏதாவது விசேஷமா? என்கிட்ட சொல்லவே இல்ல?" என்கிறார். நாற்பத்தாறு வயதில்!

சர்க்கார் தலையிடலாமா?

இதைப்பற்றி வீட்டில் பேசினபோது என் வீட்டுக்காரர் சொன்னார்: "பிடிக்கலைன்னா ஃபோனை மூடி வை. இதுக்கெல்லாம் சர்க்கார் எதுக்கு? நாளைக்கு நீ என்ன படிக்கணும், என்ன பாக்கணும்னும் அவங்களே சொல்லுவாங்க. பரவாயில்லையா?"

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆவடியில் என் சிநேகிதி ஒருத்தி இட்லிப்பொடி, சத்துமாவு செய்து விற்கிறாள். தினம் 100 ரூபாய்க்கு ஃபோனில் விளம்பரம் போட்டுத்தான் அவளுக்கு வியாபாரம். பேப்பரில் விளம்பரம் கொடுக்க அவளால் முடியுமா? இலவசமாக நாம் பார்க்கும் சமையல் வீடியோ, பிள்ளைகளின் பாடம், எல்லாமே விளம்பரக் காசில்தான் ஓடுகிறது. தவிர, கம்பெனி கையிலிருந்து பிடுங்குகிறேன் என்று சொல்லி சர்க்காரே நம் விவரங்களை அள்ளி வைத்துக்கொண்டால் அதுவும் ஆபத்துதான். 2023இல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் அரசு அமைப்புகளுக்குத் தாராளமாக விலக்குக் கொடுத்திருப்பதை விவரம் தெரிந்தவர்கள் குறை சொல்லத்தான் செய்கிறார்கள்.

இருந்தாலும், 'ஃபோனை மூடி வை' என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தடுப்பூசித் தேதி ஃபோனில் வருகிறது. காஸ் சிலிண்டர் ஃபோனில். பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் ஃபோனில். துபாயில் இருக்கிற புருஷன் குழந்தை முகம் பார்ப்பதும் ஃபோனில்தான். மூடி வைக்க முடியாத சாமானுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, 'வேண்டாமென்றால் மூடிக்கொள்' என்றால் எப்படி?

பள்ளிக்கரணையை நினைத்துப் பாருங்கள். 2019 செப்டம்பர் 12ஆம் தேதி, ஸ்கூட்டரில் வேலையிலிருந்து வந்துகொண்டிருந்த 23 வயதுப் பெண் மேல் அனுமதி இல்லாமல் வைத்த பேனர் விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி, அந்தக் குழந்தை போய்விட்டாள். பேனர் வைக்கக் கூடாது என்று ஹைகோர்ட் உத்தரவு அதற்கு முன்பே இருந்தது. அப்போது யாராவது 'பிடிக்காவிட்டால் அந்த ரோட்டில் போகாதே' என்று சொன்னோமா? ரோட்டை ஒழுங்குபடுத்து என்றுதான் சர்க்காரைக் கேட்டோம். இதுவும் ரோடுதான். நாம் எல்லாரும் நடந்துபோகும் ரோடு.

சட்டம் போட்டால் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஆன்லைன் ரம்மியைக் காட்டலாம். 'விளையாடு, ஜெயி' என்று ஃபோனெங்கும் விளம்பரம் வந்ததும், அதில் பணத்தைத் தொலைத்தவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டதும் நம் மாநிலம் கண்டதுதான். தமிழ்நாட்டில் 2021இல் போட்ட தடைச் சட்டத்தை அதே வருஷம் ஹைகோர்ட் ரத்து செய்தது. பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் குழு, 2022இல் அவசரச் சட்டம், 2023 ஏப்ரலில் கவர்னர் ஒப்புதல், அதே நவம்பரில் ரம்மி, போக்கர் மீதான தடை மறுபடி ரத்து என்று இழுபறியாகவே போயிற்று. கடைசியில் 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் ஒரு சட்டம் போட்டது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்குத் தடை. அதற்கு விளம்பரம் செய்தாலே 2 வருஷம் வரை ஜெயில், 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். சில நாளைக்குள் பெரிய கம்பெனிகள் எல்லாம் பண ஆட்டத்தை நிறுத்தின. நம் கிரிக்கெட் டீம் சட்டையில் இருந்த டிரீம்11 பெயரே காணாமல் போயிற்று! இத்தனை வருஷம் முடியாது முடியாது என்று சொன்னது எப்படி முடிந்தது?

மற்ற நாடுகளும் சும்மா இல்லை. ஐரோப்பிய யூனியனில், சிறுவர்களை வேவு பார்த்து அவர்களுக்கென்று குறி வைக்கும் விளம்பரத்தைப் பெரிய வலைத்தளங்கள் காட்டக் கூடாது. உடம்பு சம்பந்தப்பட்ட ரகசிய விவரங்களை வைத்துக் குறி பார்ப்பதும் கூடாது. நம் 2023 சட்டத்திலும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதற்குத் தடை இருக்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் விதிகள் வந்ததே 2025 நவம்பரில்தான். முக்கியமான பகுதிகள் அமலுக்கு வரப் பதினெட்டு மாதம் தவணை கொடுத்திருக்கிறார்கள். இன்று தூளியில் இருக்கும் குழந்தை ஓடி விளையாடும் வயது வந்துவிடும்!

என் அபிப்பிராயம் இதுதான். சட்டம் விளம்பரத்தைத் தடுக்கட்டும். பேச்சைத் தடுக்க வேண்டாம். இட்லிப்பொடிக்காரியைத் தொட வேண்டாம். பச்சைக் குழந்தையின் உணவு, பெண்ணின் மாதக்கணக்கு, நோயாளியின் பயம், கடன்காரனின் அவசரம், இந்த நான்கையும் வைத்துக் குறி பார்க்கும் வியாபாரம் மட்டும் கூடாது என்று கறாராகச் சொல்லட்டும். காட்டுகிற வலைத்தளத்தையும் பொறுப்பாக்கட்டும். அந்தப் பால் பவுடர்ச் சட்டத்தில் ஜெயில் தண்டனை 3 வருஷம் வரை இருந்தாலும், அபராதம் என்று பார்த்தால் வெறும் 5,000 ரூபாய்தான்! கோடிக்கணக்கில் புரளும் கம்பெனிக்கு அது டீச்செலவு. அதை முதலில் உயர்த்த வேண்டாமா?

சர்க்கார் வரும்வரை நாம்

சட்டம் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். வீட்டில் செய்யக் கூடியவை சில:

1. ஆண்ட்ராய்டு ஃபோனில் செட்டிங்ஸ் போய், கூகுள் என்பதைத் தொட்டு, அதற்குள் விளம்பரங்கள் என்ற இடத்தில் விளம்பர அடையாள எண்ணை அழித்துவிடலாம். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாலும் ஐந்து நிமிஷ வேலை.

2. கூகுள் கணக்கில் 'மை ஆட் சென்டர்' என்று ஒன்று உண்டு. அதில் கர்ப்பம், குழந்தை வளர்ப்பு, சூதாட்டம், மது, உடல் எடைக் குறைப்பு ஆகியவற்றின் விளம்பரத்தைக் குறைக்கச் சொல்லலாம். குழந்தையை இழந்த பெண் யாராவது தெரிந்தவர் இருந்தால், நீங்களே அவள் ஃபோனில் இதைச் செய்து கொடுங்கள். பெரிய உபகாரம்.

3. கர்ப்பகால ஆப், மாதக்கணக்கு ஆப் வேண்டாம். காலண்டரில் பென்சிலால் ஒரு சுழி போட்டால் போதும். நம் அம்மாக்கள் அப்படித்தானே செய்தார்கள்? தினசரிக் காலண்டர் யாருக்கும் காட்டிக் கொடுக்காது.

4. விளம்பர அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் தொல்லை என்றால், ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட்' என்று தட்டி, இடம் விட்டு சைபர் போட்டு 1909 என்ற எண்ணுக்கு அனுப்புங்கள்.

5. இணையக் கடையில் வாங்கும்போது 'இன்னும் இரண்டே இரண்டுதான் பாக்கி, சீக்கிரம்' என்று அவசரப்படுத்துவது, நாம் கேட்காத சாமானைக் கூடையில் நுழைப்பது, வேண்டாம் என்றால் குத்திக் காட்டுவது... இவையெல்லாம் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 தந்திரங்களில் சேர்ந்தவை. 1915க்குப் போன் செய்து புகார் சொல்லலாம். தமிழிலும் பேசலாம். பணமே மோசம் போய்விட்டதென்றால் உடனே 1930.

6. காசு வாங்கிக்கொண்டு சிபாரிசு செய்கிறவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது விதி. 'விளம்பரம்' என்று ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் அந்த அம்மாள் சொல்வதைக் கேளுங்கள்.

7. இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்குப் பால் பவுடரோ புட்டியோ விளம்பரம் வந்தால், அந்தப் பக்கத்தை அப்படியே படம் பிடித்து வையுங்கள். பி.பி.என்.ஐ. என்ற தாய்ப்பால் ஆதரவு அமைப்புக்கு அனுப்பலாம். இந்தச் சட்டத்தின் கீழ்ப் புகார் கொடுக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது.

கடைசியாக, வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு சின்னப் பெண் ஃபோனிடம் போய்க் கேட்கிறாள் என்றால், கேட்க வேறு ஆள் இல்லை என்றுதானே அர்த்தம்? 'இதுகூடத் தெரியலையா, நாங்க பெத்து வளர்க்கல?' என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், அவள் அடுத்த தடவை நம்மிடம் வரமாட்டாள். பக்கத்தில் போய் உட்காருங்கள். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டுங்கள். "நல்லா குடிக்குதும்மா, கவலைப்படாத" என்று சொல்லுங்கள். எந்த ஏலத்திலும் இந்த வார்த்தையை யாராலும் வாங்க முடியாது.

உங்கள் வீட்டுக்கு எந்த விளம்பரம் அழையாத விருந்தாளியாக வந்தது, எப்படி விரட்டினீர்கள் என்று ஆசிரியருக்கு நாலு வரி எழுதிப் போடுங்கள். உபயோகமான யோசனை இருந்தால், இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் சொல்கிறேன். அடுத்த இதழில் மழைக்கால இருமலுக்குக் கைவைத்தியம்.